நாலு ஷாக்கையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்கு ஊர் பள்ளத்தூர். 2017 மாடல் டிசையர் டீசல் வண்டி, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ரெண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு சொந்தக்காரரிடம் வாங்கினேன். அவர் 16 இஞ்ச் அலாய் வீல் போட்டு, பின் ஸ்பிரிங்கில் ரப்பர் பஃபரும் வைத்திருந்தார். எங்கள் ஆத்தாவுக்கு 68 வயது, முதுகுத்தண்டில் டிஸ்க் பிரச்சினை, மாதம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். சின்னப் பள்ளத்துக்கே வண்டி இடிக்கிறது, பின் சீட்டில் அவர்களால் உட்கார முடியவில்லை. தெருவுக்குள் மெதுவாகப் போனால் முன்பக்கம் இடது ஓரம் கடகட என்கிறது. ஐந்து பேரும் டிக்கியில் சாமானுமாக ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் பின்னால் டம் என்று அடிக்கிறது. மெயின் ரோட்டில் 80-இல் போனால் ஆட்டம் எதுவும் இல்லை. காற்று பங்கில்தான் பிடிப்பேன், 40 வைப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் நாலு ஷாக், ரெண்டு லோயர் ஆர்ம் மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொருவர் டிசையரே அப்படித்தான் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, 28,000-க்கு இப்போதே சரி சொல்லிவிடாதீர்கள். அந்த ஒர்க்‌ஷாப்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை, 92,000 ஓடிய வண்டி என்றதும் ஷாக், ஆர்ம் (முன் சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் இரும்புக் கை) என்று எழுதித் தருவது நம் பக்கத்துப் பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது, அதில் பாதி சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு இல்லை. மூன்று. சின்னப் பள்ளத்துக்கே இடிப்பது ஒன்று, மெதுவாகப் போகும்போது முன்னால் கடகட என்பது ஒன்று, பாரம் ஏற்றினால் பின்னால் டம் என்பது ஒன்று. மூன்றும் மூன்று இடத்திலிருந்து வருகிறது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஷாக் தலையில் போட்டால், ஷாக் மாற்றி முடித்த மறுநாளும் உங்கள் ஆத்தாவுக்கு, அந்த ஆச்சிக்கு, முதுகு வலிக்கத்தான் செய்யும்.

ஷாக் அப்சார்பர் என்ன வேலை செய்கிறது என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கியதும் அமுங்கி, திரும்ப எழும்பி, விட்டால் நாலைந்து தடவை ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே இருக்கிற ஆயில் சின்னச் சின்ன ஓட்டை வழியாகப் போய் வரும்போது ஆட்டத்தின் வேகம் வெப்பமாக மாறிவிடுகிறது. ஆகவே ஷாக் செத்துப்போன வண்டி முதலில் காட்டுவது ஆட்டத்தை: மேடு பள்ளமான ரோட்டில் மிதப்பது போல அலையும், பிரேக் போட்டால் மூக்கைக் குத்தும், ஒரு ஸ்பீட் பிரேக்கர் தாண்டிய பிறகும் ரெண்டு மூன்று தடவை எழும்பி எழும்பி இறங்கும். நீங்கள் 80-இல் ஆட்டமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் படித்ததும் முன் ஷாக் ரெண்டும் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் சின்னப் பள்ளத்துக்கே இடிப்பதற்கு நான் முதலில் தேடுவது ஷாக்கில் இல்லை.

காற்றில்தான் தேடுவேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும், சில வண்டிகளில் சாதாரண ஆட்களுக்கு ஒரு அளவும் முழுப் பாரத்துக்கு ஒரு அளவும் தனித்தனியாக இருக்கும். இந்த மாதிரிக் கார்களுக்குப் பெரும்பாலும் 30-லிருந்து 35-க்குள் வரும். 40 எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. பங்கில் நிற்கிற பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு வைத்துவிடுகிறான், "ஹைவே போறீங்களா, கூட வச்சிருக்கேன்" என்று வேறு சொல்லுவான். அந்த அளவு டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு என்பதையும் கவனியுங்கள். காலையில் வண்டியை எடுக்கும் முன், வெயில் டயரில் விழும் முன் பார்க்க வேண்டும். ஓடி வந்த டயரில் நாலு பாயின்ட் வரை கூடக் காட்டும், சித்திரை வைகாசி வெயிலில் இன்னும் கூடும். சூடான டயரில் ஏறியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடவும் கூடாது, ஆறியதும் குறைவாகப் போய்விடும். ஒரு நல்ல கேஜ் வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள், டயருக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார் கூட இப்போது கிடைக்கிறது, வீட்டிலேயே விடியற்காலையில் பார்த்துக்கொள்ளலாம். நைட்ரஜன் அடித்தால் மெத்தென்று போகும் என்று யாராவது சொன்னால் அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். 33-இல் இருக்கிற நைட்ரஜனும் 33-இல் இருக்கிற சாதாரணக் காற்றும் பள்ளத்தில் ஒரே மாதிரிதான் அமுங்கும்.

இந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டு ஆச்சியை உட்கார வைத்து காரைக்குடி வரை ஒரு தடவை போய் வாருங்கள். காசு செலவில்லாத வேலை, பலன் அன்றைக்கே தெரியும்.

அடுத்தது அந்த அலாய் வீல். இது மனசுக்குக் கஷ்டமான விஷயம், வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஆச்சியின் முதுகு வலியில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் மாடலுக்குக் கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட் என்றால் 185/65 ஆர்15. இப்போது உங்கள் வண்டியில் இருப்பது அனேகமாக 195/55 ஆர்16, டயர் ஓரத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இந்த எண்களில் முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், ரெண்டாவது எண் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 இஞ்ச் டயருக்குப் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர், 15-க்கு 120, உங்கள் 16-க்கு 107. டயரின் மொத்த உயரம் மூன்றிலும் கிட்டத்தட்ட 620 மில்லிமீட்டர்தான் வரும், அதனால்தான் கடைக்காரர் "ஒரு பிரச்சினையும் வராது, ஸ்பீடோமீட்டர் கூட மாறாது" என்று தைரியமாகச் சொல்லி விற்கிறார். மீட்டர் மாறாது, அது உண்மை. ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் அமுங்கிக் கொடுக்கிற ரப்பரும் காற்றும் 14 இஞ்ச் டயரை விட 25 மில்லிமீட்டர் குறைந்துபோய்விட்டது. சின்னக் கல், ஒட்டுப் போட்ட ரோடு, குழாய் பதித்து மூடிய பள்ளம், இதையெல்லாம் முதலில் வாங்கிக்கொள்வது டயர்தான், ஸ்பிரிங்குக்குப் போவதே அப்புறம். அந்த டயர் குட்டையாகி, அதிலும் 40 காற்றோடு கல்லாக நின்றால், எந்த ஷாக் போட்டு என்ன பயன்?

நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் அம்பாசிடரில் போனது போல வருமா என்று கேட்கிறார்கள் அல்லவா, அது வெறும் பழைய நினைப்பு இல்லை. அந்த வண்டிக்குப் பக்கச் சுவர் உயரமான டயர், பின்னால் நீளமான பட்டை ஸ்பிரிங், வண்டியின் கனமும் அதிகம். வளைவில் சாயும், பிரேக் சுமார்தான், ஆனால் செம்மண் பாதையில் உட்கார்ந்து போகிறவருக்கு நோகாது.

அதற்காக நாளைக்கே அலாய் வீலை விற்றுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. டயரின் வயதைப் பாருங்கள். ஓரத்தில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசை இருக்கும், அதன் கடைசியில் நாலு இலக்கம். 1619 என்றால் 2019-ஆம் வருடம் 16-ஆவது வாரம் தயாரானது. டயரின் மேல் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரின் ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும், வெயிலிலேயே நிற்கிற வண்டியில் இன்னும் சீக்கிரம். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் அது மாற்ற வேண்டிய டயர். அப்படி மாற்றும் நேரம் வரும்போது 16-ஐ விட்டுவிட்டு ஸ்டிக்கரில் இருக்கிற டயர் அளவுக்கே திரும்பிவிடுங்கள். ரிம்மும் டயருமாகச் செலவு கூடத்தான், ஆனால் உங்கள் வண்டியில் ஆச்சிக்காக ஒரு பெரிய செலவு செய்வதென்றால் அதை நான் இதற்குத்தான் செய்வேன்.

சரி, பின் ஸ்பிரிங்கில் வைத்திருக்கும் ரப்பர் பஃபர். அதைக் கழற்றிவிடுங்கள். இதில் எனக்கு ரெண்டு எண்ணமே கிடையாது. டிசையரின் கீழ்த்தளம் தரையிலிருந்து 163 மில்லிமீட்டர், ஆள் நிறைய ஏறினால் ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டும், அதற்காக முன்னே வைத்திருந்தவர் போட்டிருப்பார். ஸ்பிரிங்கின் ரெண்டு சுற்றுக்கு நடுவில் அதைச் செருகினால் வண்டி கொஞ்சம் உயரும், வாஸ்தவம்தான். ஆனால் ஸ்பிரிங் அமுங்குவதே அதன் எல்லாச் சுற்றும் சேர்ந்து கொடுப்பதால்தான். ஒரு சுற்றைக் கட்டிப்போட்டால் மிச்சச் சுற்றுகள் மட்டுமே வேலை செய்யும், ஸ்பிரிங் அந்த அளவுக்குக் கடினமாகும், போகப் போக அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து துருவும் பிடிக்கும். ஆச்சி உட்காருவது பின் சீட்டில், கிட்டத்தட்டப் பின் சக்கரத்துக்கு மேலேயே. எந்த இடத்தில் மெத்தென்று இருக்க வேண்டுமோ அந்த இடத்தையே போய் இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

பஃபரைக் கழற்றிய பிறகு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள், நாலு சக்கரத்துக்கும். முன் இடது வலது, பின் இடது வலது, ஜோடிக்குள் அளவு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் விரல் அகலம் இறங்கியிருந்தால் அந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கடைசிச் சுற்று உடைந்திருக்கிறது. உடைந்த துண்டு சில நேரம் கீழே விழாமல் ஸ்பிரிங் உட்காரும் தட்டிலேயே இருக்கும், அதனால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் மாற்றுவதாக இருந்தால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஷாக்கும் அப்படியே.

இப்போது முன்பக்கக் கடகட. இதை நீங்களே வீட்டு வாசலில் கண்டுபிடித்துவிடலாம். நம் பக்கத்து வீடுகள் தெருவை விட உயரமாகத்தானே இருக்கும், வாசலில் வண்டி ஏற ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவில் ரெண்டு முன் சக்கரமும் ஒன்றாக ஏறுகிற மாதிரி நேராக மெதுவாக ஏறி இறங்குங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு. அப்புறம் அதே சரிவில் கோணலாக, ஒரு சக்கரம் முதலில் ஏறி மற்றது பின்னால் வருகிற மாதிரி ஏறுங்கள். நேராக ஏறும்போது சத்தம் இல்லாமல் கோணலாக ஏறும்போது மட்டும் கடகட என்றால், லிங்க் ராடு மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். ரெண்டு முன் சக்கரத்தையும் இணைத்துக் குறுக்கே ஒரு கம்பி போகிறது, வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பது அது. அந்தக் கம்பியை ஸ்ட்ரட்டோடு, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த முன் தூணோடு, இணைப்பதுதான் லிங்க் ராடு, ஒரு சாண் நீளம், ரெண்டு முனையிலும் சின்ன உருண்டை மூட்டு. ரெண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் குறுக்குக் கம்பியும் சேர்ந்தே ஏறி இறங்கும், மூட்டுக்கு வேலை அதிகம் இல்லை. ஒன்று ஏறி ஒன்று இறங்கும்போதுதான் கம்பி முறுகும், மூட்டில் பலம் விழும், தேய்ந்த மூட்டு தட்டும். தெருவுக்குள் மெதுவாகப் போனால் கடகட, மெயின் ரோட்டில் ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது, எந்த மெக்கானிக்கிடமும் செய்யச் சொல்லலாம். ரெண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, குறுக்குக் கம்பி எதிலும் இடிக்காதபடி பார்த்துக்கொண்டு, அதே தெருவில் மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. சத்தம் நின்றுவிட்டால் வேறு எதையும் தொட வேண்டாம், லிங்க் ராடு ஜோடி வாங்கிப் போட்டால் போதும், சஸ்பென்ஷனில் விலை குறைந்த சாமான்களில் அது ஒன்று. கழற்றிய நிலையில் வண்டி வளைவில் அதிகம் சாயும், ஆகவே மெயின் ரோட்டுக்குப் போகக் கூடாது. கழற்றியும் சத்தம் நிற்கவில்லை என்றால் குறுக்குக் கம்பியின் ரப்பர் புஷ், ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டிங், லோயர் ஆர்ம், ஸ்டீரிங் ராக் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

மவுண்டிங்குக்கு ஒருவர் நின்ற வண்டியில் ஸ்டீரிங்கை முழுசாக இடதும் வலதும் திருப்ப, இன்னொருவர் பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் விரலை லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். மேலே உள்ள பேரிங் பிடித்திருந்தால் ஸ்பிரிங் சுற்ற முடியாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று டங் என்று விடும், அது விரலில் நன்றாகத் தெரியும். விரலை ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் மட்டும் விடக் கூடாது.

லோயர் ஆர்ம் விஷயத்தில் ஒர்க்‌ஷாப்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "அண்ணே, ரேம்ப்பில் ஏற்றி எனக்குக் காட்டுங்க." நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். ஒரு கம்பியைக் கொடுத்து புஷ் பக்கத்தில் நெம்பினால் ரப்பர் கிழிந்திருக்கிறதா, உள் குழாய் தனியாக ஆடுகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். ரப்பர் கொஞ்சம் அசைவது தவறில்லை, அசைவதற்குத்தான் ரப்பரே. கிழிந்து வெடிப்பு ஆழமாகப் போயிருக்க வேண்டும், அல்லது இரும்பும் இரும்பும் தட்ட வேண்டும், அப்போதுதான் மாற்றலாம். சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டோ (ஆர்மின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) வீல் பேரிங்கோ தளர்ந்திருப்பது கையில் தெரியும், இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு, ஸ்டீரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி. புஷ் மட்டும் போயிருந்தால் பிரஸ்ஸில் வைத்து புஷ் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பால் ஜாயின்ட்டும் சேர்ந்து போயிருந்தால், அது ஆர்மோடு சேர்ந்தே வருகிற வண்டியில், முழு ஆர்மையும் மாற்றுவதே பாதுகாப்பு. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருப்பது உறுதியானால் மட்டும் தள்ளிப் போடாதீர்கள், அது கழன்றால் ஓட்டத்தில் சக்கரமே மடங்கிவிடும். இடிப்பதை விட, சத்தத்தை விட அவசரமானது அதுதான்.

பின்னால் பாரம் ஏற்றினால் டம் என்பது பெரும்பாலும் பம்ப் ஸ்டாப். சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது இரும்பு இரும்பில் இடிக்காமல் கடைசியில் தாங்கிக்கொள்ளும் நுரை ரப்பர் அது, வண்டியைப் பொறுத்து ஷாக் தண்டிலோ ஸ்பிரிங்குக்கு உள்ளேயோ இருக்கும். காலப்போக்கில் நுரை இற்றுப்போய் பிசுபிசு என்றோ தூளாகவோ உதிர்ந்துவிடும். கழற்றிப் பார்த்தால் சில வண்டிகளில் ஒன்றுமே மிச்சம் இருக்காது, தண்டை மூடும் 'பூட்' என்ற ரப்பர் உறைக்குள் கொஞ்சம் மஞ்சள் தூள் மட்டும் கிடக்கும். அதோடு பின் ஷாக்கும் தளர்ந்திருந்தால் ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும் வேகத்தைப் பிடிக்க ஆள் இல்லாமல் நேரே அடிமட்டத்துக்குப் போய் இடிக்கும். ஆகவே பின் ஷாக் ரெண்டையும் நான் சந்தேகப் பட்டியலில் வைக்கிறேன். 92,000 ஓடிய வண்டியில் அவை ஓய்ந்திருந்தால் ஆச்சரியம் இல்லை.

வண்டியின் மூலையைக் கையால் அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று பார்ப்பது பழைய முறை. அடியோடு செத்துப்போன ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும், பாதி தேய்ந்ததைக் காட்டாது. அதை விட நம்பகமாக மூன்றைப் பாருங்கள். ஒன்று, ஷாக்கின் உடம்பில் ஆயில். தண்டு ஓரத்தில் லேசாக மங்கலாக வியர்த்திருப்பது பரவாயில்லை, ஈரமாகி நம் செம்மண் புழுதி அதில் களிமண் போல ஒட்டிப் பாதி வரை இறங்கியிருந்தால் சீல் போய்விட்டது. ரெண்டு, டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றி வரத் தடவுங்கள். மேடும் குழியுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. மூன்றாவது எனக்குப் பிடித்தது. மதுரையிலிருந்து வந்து இறங்கியதும் பின் ஷாக் ரெண்டின் உடம்பையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், சைலன்ஸரில் படாமல். வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும், ஆட்டத்தை வெப்பமாக மாற்றியிருக்கிறதே. ஒன்று சூடாகவும் ஒன்று ஆறியும் இருந்தால் ஆறியிருப்பது சும்மா தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது. முன்பக்கத்தில் பிரேக் சூடும் சேர்ந்துகொள்ளும், அதனால் இந்த முறை பின்னால்தான் சரிவரும்.

பின் ஷாக் மாற்றினால் பம்ப் ஸ்டாப்பும் தூசி தடுக்கும் அந்த பூட் உறையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். பூட் கிழிந்த ஷாக்கில் புழுதி தண்டில் ஒட்டி, தண்டு உள்ளே போய் வரும்போது சீலை உரசிக்கொண்டே இருக்கும், நம் பக்கத்து மண்ணுக்குப் புது ஷாக்கே ஆயிலை விட்டுவிடும். சில இடங்களில் பழைய ஷாக்கை வெட்டி ஆயில் மாற்றி வெல்டு வைத்துத் தருகிறார்கள், ஆச்சியைக் கூட்டிப் போகிற வண்டிக்கு அது வேண்டாம். இந்த ஷாக்கில் ஆயிலோடு அழுத்தத்தில் கேஸும் இருக்கும், அந்த அழுத்தம் பட்டறையில் திரும்ப வராது. பில்லோடு புதுசு வாங்குங்கள்.

இப்போது சொல்லப் போவதை உங்கள் மெக்கானிக்கிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், ஏனென்றால் நல்ல சாமானும் வீணாவது இந்த ஒரு இடத்தில்தான். லோயர் ஆர்மின் புஷ், பின் ஆக்ஸிலின் புஷ், ஷாக்கின் கீழ்க் கண் புஷ், இவையெல்லாம் ரப்பருக்குள் இரும்புக் குழாய் ஒட்டியவை. போல்டை முறுக்கியதும் அந்தக் குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு ஆர்ம் மேலும் கீழும் போவது ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான். வண்டியை ரேம்ப்பில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே போல்டைக் கடைசி வரை முறுக்கிவிட்டால், கீழே இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் பிழிந்த ஈரத்துணி போல முறுகியே நிற்கும். வண்டி சும்மா நிற்கும்போதும் அது முறுகித்தான் நிற்கும். பள்ளம் வந்தால் இன்னும் முறுக வழியில்லை, அதனால் இடிக்கும், கொஞ்ச நாளில் கிழியும். புது ஆர்ம் போட்டு ஆறு மாதத்தில் போய்விட்டது, டூப்ளிகேட் சாமான் கொடுத்துவிட்டார்கள் என்று எத்தனையோ பேர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள், முறுக்கிய விதத்தை யாரும் கேட்பதில்லை. சரியான முறை இதுதான்: தூக்கிய நிலையில் போல்டை மாட்டி லேசாக மட்டும் முறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, ரெண்டு தடவை அமுக்கி விட்டு, வண்டியின் முழுப் பாரமும் சக்கரத்தில் இருக்கும்போது, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசி முறுக்கு. பள்ளம் வெட்டிய பட்டறையில் இது சுலபம். ரேம்ப் மட்டும் இருக்கிற இடத்தில் ஆர்முக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, வண்டி நிற்கிற உயரத்துக்கு ஆர்மைத் தூக்கிவைத்து முறுக்கலாம். கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

முன் ஸ்ட்ரட்டையோ ஆர்மையோ கழற்றி மாட்டினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும். இன்னொன்று, ஸ்பிரிங்கோடு இருக்கிற முன் ஸ்ட்ரட்டை வீட்டில் யாரும் பிரிக்க முயற்சி செய்ய வேண்டாம். நடுவில் இருக்கிற அந்த ஒற்றை நட்டைக் கழற்றினால், அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் மாட்டாத ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வேகத்தில் எகிறும். ஜாக்கியில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியிலும் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிப் போவேன். நாளைக் காலையில் காற்று. இந்த வாரத்தில் பஃபரைக் கழற்றி, வாசல் சரிவில் சத்தத்தைப் பார்த்து, லிங்க் ராடு. அதோடு ரேம்ப்பில் ஏற்றி லோயர் ஆர்மையும் பின் ஷாக்கையும் என் கண்ணால் பார்ப்பேன், பின் ஷாக் ஓய்ந்திருந்தால் அந்த ரெண்டும் பம்ப் ஸ்டாப்பும் மட்டும் மாற்றுவேன். முன் ஷாக்கில் ஆயில் வழியவில்லை என்றால் அதைத் தொட மாட்டேன். அந்தப் பணம் டயர் மாற்றும் நாளில் ரிம்முக்கு ஆகும். டிசையரே அப்படித்தான் என்று சொன்னவர் பேச்சை விட்டுவிடுங்கள், சரியான அளவு டயரும் காற்றும் உள்ள டிசையர் இப்படி இடிக்காது.

இந்த வேலையெல்லாம் முடிகிற வரைக்கும் ஆச்சியைப் பின் சீட்டில் உட்கார வைக்காதீர்கள். முன் சீட் ரெண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் இருக்கிறது, பின் சக்கரம் தூக்கிப் போடுவது அங்கே குறைவாகத்தான் தெரியும். சாய்மானத்தைக் கொஞ்சம் மட்டும் பின்னால் சாய்த்து, இடுப்புக்குப் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து, பெல்ட் போட்டு உட்காரச் சொல்லுங்கள். டிக்கியில் மதுரைக்குத் தேவையில்லாத சாமான் எதுவும் வேண்டாம். திருப்பத்தூர், மேலூர் என்று போகிற வழியில் இடையில் ஒரு தடவை நிறுத்தி அவர்களை இறங்கி நடக்கவிடுங்கள். லிங்க் ராடு கழற்றிப் பார்த்தும் அந்தக் கடகட நிற்கவில்லை என்றால் எந்த வேகத்தில், எந்த மாதிரி ரோட்டில், பிரேக் போடும்போதா திருப்பும்போதா என்று குறித்து எழுதுங்கள், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.